பழைய பெட்ரோல் காரில் இன்ஜெக்டர் மாற்றுவது: வீட்டிலேயே, வரிசை தப்பாமல்

எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பிடுங்கி இன்னொன்றை மாட்டுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதும் பின்னால் செய்ய வேண்டியதும்தான் அரை நாளை விழுங்கும். புதிதாக இறங்குகிறவர்கள் சறுக்குவதும் அந்த முன்னாலும் பின்னாலும்தான். ஆகவே இதில் பாதிக்கு மேல் சுத்தம் செய்வதைப் பற்றியும் லீக் பார்ப்பதைப் பற்றியும்தான் இருக்கும்.

இது எந்த வண்டிக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) சிலிண்டருக்கு ஒன்றாக இன்ஜெக்டர் உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும். எல்லா இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் பகிரும் குழாயான ரெயிலில் பிரஷர் ஏறக்குறைய 2.5 முதல் 4 பார் இருக்கும். டீசல் காமன் ரெயிலில் அது ஆயிரம் பாரைத் தாண்டும். அங்கே ஒரு சிறு பீய்ச்சல் பட்டாலே தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். சிலிண்டருக்குள்ளேயே நேராகத் தெளிக்கும் பெட்ரோல் எஞ்சின்களிலும் பிரஷர் பல மடங்கு அதிகம், சீல் மாட்டத் தனிக் கருவியும் வேண்டும். அந்த இரண்டையும் வீட்டில் தொடாதீர்கள்.

1. குற்றவாளி இன்ஜெக்டர்தானா?

வண்டி மிஸ் அடிக்கிறது, ஐடிலில் குலுங்குகிறது, பிக்கப் செத்துவிட்டது. இவை எல்லாம் இன்ஜெக்டரால் வரலாம். ஆனால் ஸ்பார்க் பிளக், காயில், பிளக் ஒயர், காற்று இழுக்கும் வேக்யூம் ஓஸ் ஆகியவற்றாலும் அதே தொல்லை வரும். இவை எல்லாம் இன்ஜெக்டரைவிட மலிவு, பார்ப்பதும் எளிது. அதனால் இவற்றை முதலில் பாருங்கள்.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டராகக் கழற்றி, உடனே திரும்ப மாட்டுங்கள். நல்ல சிலிண்டர் என்றால் கழற்றிய நொடியே எஞ்சின் தள்ளாடும். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லை என்றால் வேலை செய்யாத சிலிண்டர் அதுதான். அடுத்து, நீளமான ஸ்க்ரூட்ரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். சீரான டிக்-டிக் சத்தம் வர வேண்டும். மற்றவை டிக்கடிக்க ஒன்று மட்டும் ஊமையாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. தளர்ந்த துணி, தலைமுடி, கையுறை நுனி எதுவும் ஓடும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

ஊமையாக இருக்கிறதே என்று உடனே இன்ஜெக்டரைக் குறை சொல்லிவிடாதீர்கள். எஞ்சினை நிறுத்தி, கனெக்டரைக் கழற்றி, இன்ஜெக்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து ஓம் (மின்தடை) பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 12 முதல் 16 ஓம் வரும்; சில பழைய வண்டிகளில் 2 முதல் 5 ஓம். மீட்டர் காட்டும் எண்ணைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். மூன்று 14 காட்டி ஒன்றில் மட்டும் மீட்டர் முடிவிலி (OL) காட்டினால், அதன் உள்ளே இருக்கும் சுருள் அறுந்துவிட்டது. நான்கும் ஒரே அளவு காட்டியும் ஒன்று ஊமை என்றால் ஒயரிங்கையும் கனெக்டர் பின்னையும் பார்க்க வேண்டும். பின்னில் பச்சை பிடித்திருப்பதைப் பார்க்காமல் புது இன்ஜெக்டர் வாங்கிய கதை எனக்கே உண்டு.

டிக் சத்தமும் வருகிறது, ஓமும் சரி, ஆனாலும் அந்தச் சிலிண்டர் சோர்வு என்றால், அடைத்துக்கொண்டிருக்கலாம் அல்லது மூடாமல் ஒழுகலாம். அடைப்பு மட்டும்தான் என்றால் கழற்றிய செட்டை அல்ட்ராசானிக் முறையில் சுத்தம் செய்து, ஓட்டத்தை அளந்து தரும் இடத்தில் கொடுத்துப் பார்ப்பது புதிது வாங்குவதைவிட நல்ல முடிவாகக்கூட இருக்கும். கழற்றுவதும் மாட்டுவதும் எப்படியும் இதே வரிசைதான்.

2. வாங்கும்போது பார்க்க வேண்டியது

பழைய இன்ஜெக்டரின் உடலில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணையோ, உங்கள் வண்டிக்கு உற்பத்தியாளர் சொன்ன மாற்று எண்ணையோ வைத்து வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது, ஓட்டையில் சரியாக உட்காருகிறது என்பதை நம்பி வாங்காதீர்கள். நிமிடத்துக்கு எத்தனை மில்லி பெட்ரோல் விடும் என்பது வெளித் தோற்றத்தில் தெரியாது.

ஓம் அளவும் பொருந்த வேண்டும். இன்ஜெக்டர்களை இயக்கும், 14 ஓம் எதிர்பார்க்கும் எஞ்சின் கம்ப்யூட்டரில் 3 ஓம் இன்ஜெக்டரை மாட்டினால் கரண்ட் பல மடங்கு ஏறி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவர் சுற்று எரிந்துபோகும். பிறகு இன்ஜெக்டர் விலையைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

ஒன்று மட்டும் போதுமா, எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? சுருள் அறுந்த ஒன்றை மட்டும் மாற்றலாம், தவறில்லை. ஆனால் எல்லாமே ஒரே வயது, ஒரே ஓட்டம் என்றால் நான் முழு செட்டாகவே மாற்றுவேன். இன்ஜெக்டரின் மேலும் கீழும் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளை மட்டும் எந்த நிலையிலும் முழு செட்டாக மாற்றியே ஆக வேண்டும். ரெயிலைத் தூக்கியதும் பழைய ரப்பர் எல்லாமே அசைந்துவிடும், அதன் பிறகு அவை பழையபடி அடைக்காது.

பெட்ரோல் ஃபில்டரையும் சேர்த்து வாங்குங்கள். பழைய இன்ஜெக்டரை அடைத்த அழுக்கு எங்கிருந்து வந்ததோ, புதியதற்கும் அங்கிருந்துதான் வரும்.

3. தொடங்கும் முன் கைக்கெட்டும் தூரத்தில்

ராட்செட், சாக்கெட், நீட்டிக்கும் கம்பி, சிறிய டார்க் ரெஞ்ச். பெட்ரோல் லைனில் கிளிக் கப்ளிங் இருந்தால் அதைத் திறக்கும் பிளாஸ்டிக் வளையக் கருவி. ஸ்க்ரூட்ரைவரால் நெம்பினால் உள்ளே இருக்கும் நாக்கு உடையும். நைட்ரைல் கையுறை, கண்ணாடி, நூல் பிரியாத துணி நிறைய, சிறிய பிரஷ், வளைந்த முனைக் கொக்கி ஒன்று. பெட்ரோலுக்கு ஏற்ற ஃபையர் எக்ஸ்டிங்விஷர் ஒன்றை வண்டிக்கு அடியிலோ பானெட்டுக்குப் பக்கத்திலோ வைக்காமல், தீப்பிடித்தாலும் ஓடிப்போய் எடுக்கக்கூடிய தூரத்தில் வையுங்கள்.

லைனில் ரப்பர் ஓஸ் இருந்து, அது வெடித்திருந்தால் இன்ஜெக்ஷன் பிரஷருக்கென்று முத்திரை உள்ள ஓஸையே வாங்குங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு விற்கும் சாதா ஓஸ் இந்தப் பிரஷரைத் தாங்காது. பேஞ்சோ போல்ட் (உள்ளே துளை வழியாகப் பெட்ரோல் போகும் போல்ட்) என்றால் அதன் இரு பக்கத்துக்கும் புது வாஷர்.

4. இடம்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போகும். மூடிய அறையில், ஒரு மூலையில் ஹீட்டரோ அடுப்போ எரிந்துகொண்டிருந்தால் ஆவியே தேடிப் போய்ப் பற்றிக்கொள்ளும். வெளியில் செய்யுங்கள், அல்லது எல்லாக் கதவையும் திறந்து வையுங்கள். குண்டு பல்ப் விளக்கைத் தொங்கவிடாதீர்கள். ஒரு சொட்டுப் பட்டு பல்ப் வெடித்தாலே போதும். பேட்டரியில் ஓடும் எல்இடி விளக்கு நல்லது.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட்டே செய்யாத வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த படியில் சில நொடி மட்டும்தான் ஓட்டப்போகிறோம்.

5. பிரஷரை இறக்கிவிட்டுத்தான் பேட்டரி

இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கவனமாக வேலை செய்யும் ஆட்கள்தான் இந்தத் தவறைச் செய்கிறார்கள், ஏனென்றால் எந்த வேலைக்கும் பேட்டரியைக் கழற்றித் தொடங்கு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இங்கே முதலிலேயே பேட்டரியைக் கழற்றினால் பிரஷரை இறக்க வழி இருக்காது.

பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து காற்றை விடுங்கள். ஃபியூவல் பம்ப்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்குங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். ரெயிலில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் சில நொடி ஓடி, திணறி நின்றுவிடும். இன்னும் ஒருமுறை இரண்டு மூன்று நொடி செல்ஃப் அடியுங்கள். ஸ்டார்ட்டே ஆகாத வண்டி என்றாலும் செல்ஃப் அடித்தால் பிரஷரில் பெரும்பகுதி இறங்கும்.

இப்போது சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, தொட்டுக்கொள்ளாதபடி துணி சுற்றி ஒதுக்குங்கள். பிடுங்கிய ஃபியூஸை ஸ்டியரிங் மேல் வையுங்கள். சட்டைப் பையில் போட்டால் மறந்துவிடும். கடைசியில் வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒரு மணி நேரம் தேடுவீர்கள்.

6. வழியில் நிற்பவற்றை எடுத்தல்

ஏர் ஃபில்டர் குழாய், மேல் மூடி, சில எஞ்சின்களில் மேனிஃபோல்டின் மேல்பாதியே வர வேண்டியிருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுங்கள். வேக்யூம் ஓஸில் டேப் ஒட்டி எண் போடுங்கள். பழைய வண்டியில் ஓஸ் காய்ந்து மொறமொறவென்று இருக்கும். நேராக இழுத்தால் உடையும், முறுக்கித் தளர்த்தி இழுத்தால் வரும்.

ரெயிலின் பிரஷரைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் வேக்யூம் ஓஸைக் கழற்றியதும் அதன் வாயை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ உள்ளே ஈரம் இருந்தாலோ ரெகுலேட்டருக்குள் தடுப்பாக இருக்கும் மெல்லிய சவ்வு (டயஃப்ரம்) கிழிந்துவிட்டது. நீங்கள் இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்று நினைத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

7. கழற்றும் முன் கழுவுதல்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. ஒவ்வொரு இன்ஜெக்டரும் மேனிஃபோல்டில் இறங்கும் இடத்தைச் சுற்றி ஒரு குழிவு இருக்கும். அதில் இருபது வருட மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் குழைந்து கறுத்த களிம்பாகக் கிடக்கும். இன்ஜெக்டரை உருவும்போது அந்தக் களிம்பு நேராக ஓட்டைக்குள் விழும். ஓட்டைக்கு அப்பால் இன்டேக் வால்வு. வால்வு திறந்திருந்தால் மண் சிலிண்டருக்கே போய்ச் சேரும்.

கம்ப்ரஸர் இருந்தால் முதலில் ஊதுங்கள். பிறகு துணியில் கிளீனரை நனைத்துத் துடைத்து, பிரஷால் சுரண்டி, திரும்ப ஊதுங்கள். விரல் நுனியை அந்த இடுக்கில் ஓட்டிப் பார்த்தால் நறநறவென்று படக் கூடாது. அதுவரை ரெயில் போல்ட்டைத் தொடாதீர்கள். நான் இதற்கு மட்டும் அரை மணி நேரம் செலவிடுவேன்.

8. கனெக்டரும் ரெயிலும்

பழைய கனெக்டர்களில் இரண்டு வகை உண்டு. அமுக்கினால் வருவது ஒன்று. மெல்லிய கம்பிக் கிளிப் சுற்றியிருப்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் கம்பியைக் கொக்கியால் எடுக்கும்போது மேலே துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். அது தெறித்தால் எஞ்சினுக்குள் எங்கே விழுந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், கனெக்டரின் உடலைப் பிடியுங்கள்.

பெட்ரோல் லைனைத் திறக்கும்போது அந்த இணைப்பைத் துணியால் முழுக்கச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் திறங்கள். பிரஷர் இறங்கியிருந்தாலும் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருக்கும். திறந்த வாயைச் சுத்தமான பிளாஸ்டிக்கால் மூடுங்கள். நனைந்த துணியை வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடாமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

ரெயில் போல்ட்டுகளைக் கழற்றியதும், அடியில் ஸ்பேசரோ வாஷரோ இருக்கிறதா பாருங்கள். அதைத் தொலைத்தால் ரெயில் சாய்ந்து உட்காரும். பிறகு ரெயிலின் இரண்டு முனைகளையும் பிடித்து இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக்கொண்டே நேர் மேலாகத் தூக்குங்கள். ஒரு முனையை மட்டும் தூக்கினால் மறுமுனை இன்ஜெக்டர் கோணலாகி இறுகும். சில இன்ஜெக்டர்கள் ரெயிலோடு வரும், சில மேனிஃபோல்டிலேயே நிற்கும். நிற்பதைக் கையால் திருகித் திருகி எடுங்கள். நெம்புகோல் போட்டு நெம்பினால் பிளாஸ்டிக் ரெயிலோ இன்ஜெக்டரின் கழுத்தோ உடையும்.

எடுத்த நொடியே ஓட்டைகளைத் துணியால் அடையுங்கள். எத்தனை துணி அடைத்தீர்கள் என்று எண்ணி எங்காவது எழுதிவையுங்கள்.

9. ஓட்டைக்குள் ஒளிந்திருக்கும் பழைய ரப்பர்

ஒருமுறை ஒரு நண்பர் எல்லாம் முடித்துவிட்டு, மூன்றாவது இன்ஜெக்டரில் மட்டும் பெட்ரோல் கசிகிறது என்று கூப்பிட்டார். ஓ-ரிங் புதிது, எண்ணெய் தடவினாராம், கோணலாகவும் இல்லை. கழற்றிப் பார்த்தோம். ரெயிலின் கிண்ணத்துக்குள் (இன்ஜெக்டரின் மேல்முனை நுழையும் குழி) விளக்கடித்தால் சுவரோடு சுவராக ஒட்டிய ஒரு கறுப்பு வளையம். பழைய ஓ-ரிங். கெட்டிப்பட்டு, உலோகத்தின் நிறமாகவே ஆகியிருந்தது. அதன் மேல்தான் புதியது உட்கார்ந்திருந்தது. கொக்கியால் தொட்டதும் துண்டு துண்டாக உதிர்ந்தது.

அதனால் எடுத்த ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் பழைய ரப்பர்களை எண்ணுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, சிலவற்றில் நடுவில் தடித்த குஷன் ஒன்றும் இருக்கும். நான்கு இன்ஜெக்டருக்கு நான்கு மேல் ரிங் வந்து சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது ரெயிலுக்குள்ளோ மேனிஃபோல்டுக்குள்ளோ இருக்கிறது. கணக்கு ஒத்துவந்த பிறகுதான் அடுத்த வேலை.

கிண்ணத்தையும் ஓட்டையையும் துணியால் துடையுங்கள். கொக்கியை உலோகச் சுவரில் கீறாதீர்கள். கீறல் விழுந்தால் அந்த வழியாகவே கசியும். உப்புத்தாள் கூடவே கூடாது.

10. புதிய ஓ-ரிங்

மேல் ரிங்கும் கீழ் ரிங்கும் பல வண்டிகளில் வெவ்வேறு அளவு, சில நேரம் வெவ்வேறு நிறம். மேலே இருப்பது பெட்ரோல் பிரஷரைத் தாங்க வேண்டும், கீழே இருப்பது காற்று உள்ளே புகாமல் காக்க வேண்டும். மாற்றிப் போட்டாலும் கஷ்டப்பட்டு உள்ளே போய்விடும், அதனால்தான் ஏமாறுகிறோம். பழையதற்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

மாட்டும் முன் ரிங் மேல் சுத்தமான எஞ்சின் ஆயிலை ஒரு சொட்டு தொட்டு, பளபளப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். உலர்ந்த ரப்பர் ஓட்டையின் விளிம்பில் மாட்டிச் சுருண்டு வெட்டுப்படும். சிலிக்கான் கிரீஸ் வேண்டாம். சிலிக்கான் எரிந்து போனால் எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கும். இன்ஜெக்டரின் மூக்கு நுனியில் எண்ணெய் படக் கூடாது.

11. உட்காரவைத்தல்

முதலில் எல்லா இன்ஜெக்டரையும் ரெயிலில் ஏற்றிக் கிளிப் போடுங்கள். பிறகு ரெயிலோடு சேர்த்து மேனிஃபோல்டில் இறக்குங்கள். அடைத்த துணிகளை எடுத்து எண்ணிப் பார்த்த பிறகு! எல்லா மூக்கும் அதனதன் ஓட்டையின் வாயில் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் ரெயிலைச் சமமாக அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு இறங்கும் உணர்வு கையில் தெரியும்.

போல்ட்டால் இழுத்து இறக்க நினைக்காதீர்கள். கையால் இறங்காத ரெயிலை போல்ட் இழுத்தால் எங்கோ ஒரு ரிங் நசுங்குகிறது என்று அர்த்தம். போல்ட்டுகளை விரலால் ஏற்றி, பிறகு மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். மேனிஃபோல்ட் பெரும்பாலும் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். சிறிய போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும் என்று இருக்கும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணையே வையுங்கள். கை பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். கிளிப் அனுமதிக்கும் அளவுக்குக் கொஞ்சம் அசைய வேண்டும். கல்லாக நின்றால் கழற்றித் திரும்பப் பாருங்கள். கனெக்டர்கள் கிளிக் சத்தத்தோடு மாட்டியதா என்று பார்த்து, லேசாக இழுத்தும் சோதியுங்கள்.

12. ஸ்டார்ட் செய்யாமல் லீக் பார்த்தல்

மேனிஃபோல்டின் மேல்பாதியைக் கழற்றியிருந்தால் அதை மாட்டும் முன்பே இதைச் செய்யுங்கள். எல்லாவற்றையும் மூடிய பிறகு அடியில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, வாடை மட்டும் வரும்.

புது ஃபில்டரையும் லைனையும் மாட்டி, சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி போகும்வரை கொஞ்சம் பொறுங்கள். ஸ்டியரிங் மேல் இருக்கும் ஃபியூஸைப் போட்டு, பேட்டரியை மாட்டுங்கள். சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான வண்டிகளில் பம்ப் இரண்டு மூன்று நொடி ஊய்ங் என்று ஓடி நிற்கும். ஆஃப் செய்து, திரும்ப ஆன். இப்படி நான்கைந்து முறை. லைனில் இருக்கும் காற்று வெளியேறிப் பிரஷர் ஏறும்.

செல்ஃப் அடித்தால் மட்டுமே பம்ப் ஓடும் பழைய வண்டி என்றால், காயிலின் இணைப்பையும் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் கழற்றிவிட்டுச் சில நொடி செல்ஃப் அடியுங்கள். அப்போது தீப்பொறியும் இருக்காது, பெட்ரோலும் தெளிக்காது.

பிறகு சாவியை எடுத்துவிட்டு, வெள்ளை டிஷ்யூவை மடித்து ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேல் கழுத்தைச் சுற்றி, ரெயிலின் அடியில், லைன் இணைப்பில் ஒற்றி எடுங்கள். கண்ணை நம்பாதீர்கள்; முடியளவு கசிவு உலோகத்தில் பளபளப்பாகத் தெரியும், அவ்வளவுதான். டிஷ்யூவில் ஈரம் பட்டால் ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிந்தியதைத் துடைத்து, ஆவி போன பிறகு ஐந்தாம் படியிலிருந்து திரும்ப வர வேண்டும்; ஆனால் இந்த முறை எஞ்சினை ஓட்டாமல், காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு செல்ஃப் மட்டும் அடித்துப் பிரஷரை இறக்குங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஈரம் இல்லை என்றால் பத்து நிமிடம் விட்டு இன்னொருமுறை ஒற்றிப் பாருங்கள்.

13. முதல் ஓட்டம்

பழைய இன்ஜெக்டர் ஒழுகிக்கொண்டிருந்தது என்றால் டிப்ஸ்டிக்கை எடுத்து முகருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தாலோ அளவு கூடியிருந்தாலோ ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைக் காக்காது. செல்ஃப் அடித்ததும் எஞ்சின் சுற்றாமல் டக்கென்று நின்றால் உடனே கையை எடுங்கள். சிலிண்டரில் பெட்ரோல் தேங்கியிருக்கலாம். மீண்டும் மீண்டும் அடித்தால் கனெக்டிங் ராட் வளையும். பேட்டரியைக் கழற்றி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் எடுத்து, தேங்கிய பெட்ரோல் காய்ந்து போகும்வரை விட வேண்டும்.

சாதாரணமாக முதல் ஸ்டார்ட் கொஞ்சம் இழுக்கும், சில நொடி குலுங்கும். பேட்டரி கழன்றதால் கம்ப்யூட்டர் பழைய கணக்கை மறந்திருக்கும். புதிய இன்ஜெக்டருக்கு ஏற்பத் திரும்பக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். ஓடும்போது இன்னொருமுறை விளக்கடித்து லீக் பாருங்கள்.

ஐடில் உயர்ந்தே நின்றால் கீழ் ரிங் வழியாகக் காற்று இழுக்கலாம். சின்ன ஸ்ப்ரேயரில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு பீய்ச்சல் விடுங்கள். எந்த இடத்தில் எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கே ஓட்டை. கார்ப் கிளீனரை அடித்துப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் அதை நான் செய்வதில்லை.

அன்று இரவு வண்டியை வெளியில் நிறுத்துங்கள். மறுநாள் காலை, சாவி போடும் முன், பானெட்டைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ராத்திரி முழுக்க ஆறிச் சுருங்கிய எஞ்சினில்தான் அரைகுறையாக உட்கார்ந்த ரிங் காட்டிக்கொடுக்கும். டிஷ்யூவை இன்னொரு சுற்று ஒற்றிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.